கேட்காமல் போட்ட டிக்

பத்து நாளாக அந்த வீட்டில் 'பஸ்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. கடைத்தெருவுக்குப் போய் வருவதென்றால்கூட, "அதுல போயிட்டு வந்துடறேன்" என்றுதான் அண்ணி சொன்னாள்.

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவளை அண்ணி என்று கூப்பிடுகிற இவள், பொது மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷமாக மனநல ஆலோசகர். கணவன் பதினெட்டு வருஷமாக பஸ் டிரைவர். மருத்துவமனை வாசல் வழியாகப் போகிற தடம். அண்ணி என்பது கணவனின் அக்கா. தையல்காரி. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கத்தரிக்கோல் கையில் இல்லாத நேரத்தில் வாயால் வெட்டுவாள்.

பத்து நாளைக்கு முன்னால், ஒரு நடுப்பகலில், மருத்துவமனை ரோட்டில், கணவன் ஓட்டிய பஸ்ஸின் முன்னால் ஒரு ஆள் வந்தான். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். நாற்பது வயது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

அன்று காலை பத்தேகால் மணிக்கு அந்தப் பெயிண்டர் இவளுடைய அறையில், இவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் போலீஸ்காரர் ஃபைல் கேட்டு வந்தபோதுதான் செத்தது அவன் என்று இவளுக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் செத்தது யார் என்று தெரியும். பஸ்ஸை ஓட்டியது யார் என்று தெரியாது. வீட்டில் ஓட்டியது யார் என்று தெரியும். செத்தவன் யார் முன்னால் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான் என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டெப்போவில் விசாரணை.

கணவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. பத்து நாளாக உட்கார்ந்த இடத்திலெல்லாம் அந்தக் கால் பிரேக்கைத் தேடுகிறது. அவனுக்கே தெரியாது.

"தரை உள்ள இறங்கிடப் போகுது, தம்பி. ஓனருக்கு யார் பதில் சொல்றது?" என்றாள் அண்ணி.

அவன் காலை இழுத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு என்ன கேப்பாங்க?" என்று மனைவியிடம் கேட்டான்.

"நடந்ததைக் கேப்பாங்க. நடந்ததைச் சொல்லுங்க."

"அதைத்தான் அன்னிக்கே சொன்னேன். அவர் ரோட்டைத் தாண்டலை. ஓரமா நின்னு என்னையே பார்த்தார். அப்புறம்தான் இறங்கினார். கண்டக்டர் பின்னாடி டிக்கெட் போட்டுட்டு இருந்தார், அவர் பார்க்கலை. என் வாய் வார்த்தையை விட்டா வேற சாட்சி இல்லை." தட்டைத் தள்ளி வைத்தான். "நேத்து யூனியன்காரர் போன் பண்ணினார். அந்த ஆளு உங்க ஆஸ்பத்திரியிலதான் மனசுக்கு வைத்தியம் பார்த்திருக்காராம். டாக்டர் பார்த்த கேஸாம். அங்கிருந்து பேப்பர் வரப்போகுது. சாகணும்கிற எண்ணம் இருந்துச்சுன்னு அதுல இருந்தா நான் தப்பிச்சேன். இல்லைன்னு இருந்தா, ரோட்டைத் தாண்டின மனுஷனை நான்தான் கவனிக்காம அடிச்சேன்னு ஆயிடும். உனக்கு எதுவும் தெரியுமா?"

"நோயாளிங்க விஷயத்தை வீட்டுல பேசக்கூடாதுங்க."

"சரி, சரி" என்றான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம் என்பது இந்தப் பத்து நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களை நிறையப் பார்த்துட்டேன்" என்றாள் அண்ணி, யாரிடம் என்றில்லாமல். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருத்துவமனையில் ஆலோசகரின் அறை முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கிற அறையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. பக்கத்து அறையில் மாவுக்கட்டு வெட்டுவார்கள். அந்த ரம்பம் ஓட ஆரம்பித்தால் பேச்சு காதில் விழாது. அழ வெட்கப்படுகிறவர்கள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து அழுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

மனநல டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் இவள் பாடு. இந்த வியாழக்கிழமை வெளியே நாற்பத்து மூன்று டோக்கன்.

முதல் டோக்கனைக் கூப்பிடுவதற்குள் தலைமை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர். கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர்.

"உக்காருங்க. டெப்போவுக்குப் பதில் போகணும். அந்தப் பெயிண்டர் கேஸ்." ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். "சுத்தமா இருக்கு. சாகணும்னு எண்ணம் வருதான்னு ஏழாவது கேள்வி. கேட்டிருக்கீங்க. 'இல்லை'யில டிக் இருக்கு. நம்மளை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க, அனுப்பிடலாம்."

படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஏழாவது மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருத்தரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே இவள்தான். 'கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க. ஏற்கெனவே இருக்கிறதைத்தான் கேக்குறோம். சுத்தி வளைக்காம, முகத்தைப் பார்த்துக் கேளுங்க' என்பாள்.

அன்று அவள் கேட்கவில்லை.

பெயிண்டர் அன்று முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு மாதமாகத் தாடியும் அழுக்குமாக வந்தவன். தூக்கம் பரவாயில்லை என்றான். பக்கத்து அறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ டோக்கன் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். தேறிவிட்டான் என்று இவளுக்கு மனசு லேசானது. மருந்தைத் தொடரச் சொன்னாள், அடுத்த தேதி எழுதிக் கொடுத்தாள். மொத்தம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அவன் போன பிறகு படிவத்தில் 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவதிலும் பேனா நிற்கவில்லை.

"நான் கேக்கலை, சார்" என்றாள்.

"எதைக் கேக்கலை?"

"ஏழாவது கேள்வியை. டிக் மட்டும்தான் போட்டேன்."

தலைமை மருத்துவர் ஃபைலை மூடினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"தெரியாது, சார்."

"அப்ப இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? போனவர் போயிட்டார்."

"இன்னொண்ணும் இருக்கு, சார். அந்த பஸ்ஸை ஓட்டினது என் வீட்டுக்காரர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க இப்ப வாயைத் திறந்தா, புருஷனைக் காப்பாத்த பொண்டாட்டி ரெக்கார்டை மாத்தப் பார்க்குறான்னுதான் பேசுவாங்க. ஒருத்தர் நம்ப மாட்டாங்க. வேலைக்கும் ஆபத்து. விசாரணை முடியிற வரைக்கும் உங்களை அந்த ரூம்ல உக்கார வைக்க என்னால முடியாது. பதிலுக்கு ஆள் கேட்டா ஒரு வருஷம் ஆகும். வெளிய நாற்பது பேர் நிக்கிறாங்க." குரலில் மிரட்டல் இல்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "சாயங்காலம் மூணு மணி வரைக்கும் யோசிங்க. எழுதிக் குடுத்தா வாங்கிக்கிறேன். குடுக்கலைன்னா, இதை நான் கேக்கவே இல்லை."

திரும்பி வந்து டோக்கன்களைக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் ஏழாவது கேள்வியைக் கேட்டாள். எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டாள். பத்து நாளாக அப்படித்தான்.

முப்பத்தொன்றாவது டோக்கனில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்கள். உட்கார்ந்ததும் கையிலிருந்த பழைய சீட்டு ஒன்றை மேஜையில் வைத்தாள். பெயிண்டருக்கு இவள் எழுதிக் கொடுத்த சீட்டு. அடுத்து வரவேண்டிய தேதி, இவளுடைய கையெழுத்தில்.

"நான் அவர் சம்சாரம்" என்றாள் அந்தப் பெண். "உங்களை எப்படிப் பார்க்கிறதுன்னு தெரியலை. அதான் டோக்கன் எடுத்துட்டேன்."

பக்கத்தில் ரம்பம் நின்றிருந்தது.

"எப்படி இருக்கீங்க?" என்றாள் ஆலோசகர். கேட்ட பிறகு அந்தக் கேள்வியே அவளுக்குக் கூசியது.

"சலவைக்கடைக்குப் போறேன். துணி மடிக்கிறேன். வீட்டுக்கு வர்றேன்." அந்தப் பெண் சீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அப்பா தவறிப்போய் செத்தாரா, நம்மளை வேண்டாம்னு செத்தாரான்னு கேக்குறா. அவர் கடைசியா உக்காந்து பேசினது உங்ககிட்டதான். உங்ககிட்ட என்ன சொன்னார்?"

ஆலோசகர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். "அதைச் சொல்றேன். முதல்ல உங்களை நான் சில விஷயம் கேக்கணும்."

தூக்கம், பசி, வேலை என்று வரிசையாகக் கேட்டாள். அந்தப் பெண் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஏழாவதற்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை யாரும் தன்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள்.

"தோணுது. பொண்ணு பக்கத்துல படுத்திருக்கா. அவ கை என் மேல கிடக்கும். அப்பறம் அந்த எண்ணம் போயிடும்."

"நேத்தும் தோணுச்சா?"

"தோணுச்சு."

"வீட்டுல கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை. தங்கச்சி ரெண்டு தெரு தள்ளி இருக்கா."

"அவருக்கு நாங்க குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

ஆலோசகர் அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள். மாத்திரை முழுவதையும் கையோடு எடுத்து வந்து மருந்துக் கவுண்டரில் கொடுக்கச் சொன்னாள். இன்றிலிருந்து அக்காவும் குழந்தையும் உன் வீட்டில்தான் என்றாள். டாக்டருக்குப் போன் போட்டு, நாளைக்கு முதல் ஆளாக இந்தப் பெண்ணைப் பார்க்கச் சொன்னாள். தங்கை வந்து சேரும் வரை அவளை அறையைவிட்டு அனுப்புவதாக இல்லை. வெளியே டோக்கன்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். "அவர் வேணும்னுதான் போனாரா?"

"எனக்குத் தெரியாதும்மா. இப்ப உங்களைக் கேட்டேனே, அந்தக் கேள்வியை அன்னிக்கு நான் அவர்கிட்ட கேக்கலை. கேட்டிருக்கணும். தேறி வர்றார்னு நினைச்சு விட்டுட்டேன். ஃபைல்ல 'இல்லை'ன்னு இருக்கும். அது அவர் சொன்னது இல்லை. நானா போட்டது."

ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் அழவில்லை. சத்தம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக் கேட்ட மாதிரி அவரைக் கேட்டிருக்கலாமே" என்றாள். திட்டுகிற குரலில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆலோசகர் அந்தப் பழைய சீட்டை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்குக் காலையில அவர் ஷேவ் பண்ணினப்போ நானும் சந்தோஷம்தான் பட்டேன்" என்றாள் அந்தப் பெண், கதவைப் பார்த்தபடி. தங்கை வாசலில் வந்து நின்றதும் எழுந்தாள். "நாளைக்கு டெப்போ விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. டாக்டரைப் பார்த்துட்டுப் போகணும்னா தாமதம் ஆகுமா?"

"ஆகாது. எட்டு மணிக்கே முதல் ஆளா பார்த்து அனுப்பிடுவார்."

ஓட்டியது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் நடைக்கூடத்தின் கடைசி வரை போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதினாள். ஒன்பது வரிதான் வந்தது. கணவனைப் பற்றி ஒரு வரி, தன் தவறு பற்றி எட்டு வரி. தேதி போட்டு, நேரம் போட்டு, தலைமை மருத்துவரின் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம். நானே சொல்லியனுப்புறேன்" என்றார். பிறகு, "நீங்க போன பிறகு அந்த ரூமைப் பூட்டித்தான் வைக்கணும்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் கணவனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். முதலில் எதைச் சொல்வது என்பதே பிடிபடவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணி தம்பியின் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்.

"அண்ணி, அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்களும் இருங்க."

"தெரியும்" என்றாள் அண்ணி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போன வாரம் நீ மாடிப்படியில நின்னு நர்ஸ்கிட்ட போன்ல அழுதது என் காதுல விழுந்துச்சு. நீயே சொல்லுவேன்னு ஒரு வாரம் பொறுத்தேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு நான் டெப்போவுக்குப் போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஆளு என் தம்பி சம்சாரம் பார்த்த கேஸு, அவ எதையோ விட்டுட்டா, அதை விசாரிங்கன்னு."

ஆலோசகர் நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். இவள் எழுதிக் கொடுத்தது மூன்று மணிக்கு. மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொண்டவள் என்றுதான் நாளைக்குப் பேச்சு நடக்கும்.

"நான் இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டேன், அண்ணி."

அண்ணி அவளையே பார்த்தாள். கை மட்டும் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தது. "ஒரு நாள் முன்னாடி குடுத்திருந்தா நான் ஏன்மா போகப்போறேன்" என்றாள். "உன் மேல எனக்கு என்ன பகை? அவன் கால் தரையை மிதிக்கிறதைப் பார்த்துட்டு என்னால இருக்க முடியலை."

தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கதவருகே நின்றிருந்தான்.

"உன்கிட்டதான் வந்திருந்தாரா?" என்றான்.

"ஆமாங்க. அன்னிக்குக் காலையில."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும்."

அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுடைய கால் இப்போது அசையவில்லை.

"மறுநாள் ராத்திரி நான் உன்னை எழுப்பினேன். ஞாபகம் இருக்கா? ஒரு நொடி நான் கண் அசந்துட்டேனோ, அதான் அவர் நின்னுட்டிருந்த மாதிரி எனக்குத் தெரியுதோன்னு கேட்டேன். நீ மனசு படிச்சவ. உனக்குத் தெரியும்னு கேட்டேன்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"இருக்கலாம்னு சொன்ன" என்றான். "ஒரு நொடி அசர்றது யாருக்கும் நடக்கிறதுதான், அதுக்காக உங்களை நீங்களே வதைச்சுக்காதீங்கன்னு சொன்ன. என் தலையைத் தடவிக்கொடுத்துச் சொன்ன. அன்னியிலிருந்து வாயால அவர் நின்னார்னு சொன்னாலும், உள்ளுக்குள்ள நான் அசந்துட்டேன்னுதான் நம்பிட்டு இருக்கேன். நாளைக்கு அழுத்திக் கேட்டா அப்படியே ஒத்துக்கணும்னு இருந்தேன்."

"என்னங்க..."

"வேண்டாம். ஒண்ணும் சொல்லாத."

அவன் சட்டையை மாட்டினான். அண்ணி இஸ்திரி போட்ட காக்கி இல்லை, கொடியில் கிடந்த பழைய சட்டை. பித்தானைப் போடாமலே வெளியே போனான். அவனுடைய போன் மேஜைமேல் கிடந்தது. பர்ஸும் அங்கேயே இருந்தது.

"விடு. கொஞ்சம் நடந்துட்டு வரட்டும். ஆம்பளைக்கு அழ ஒரு இடம் வேணும்" என்றாள் அண்ணி.

ஆலோசகர் போனைப் பார்த்தாள். பர்ஸைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரின் மனைவிகளிடம் கேட்டிருக்கிறாள்: போகும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டு போனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று.

செருப்பைத் தேடவில்லை. படியிறங்கி ஓடினாள்.

தெருமுனையில் அவன் முதுகு தெரிந்தது. இடது பக்கம் போனால் டெப்போ, வலது பக்கம் போனால் பெயிண்டர் செத்த மருத்துவமனை ரோடு. அவன் ஒரு கணம் நின்றான். வலது பக்கம் திரும்பினான்.